டிராகுலாவும் நம்மூர்க் காட்டேரியும்

"ஏதாவது வரலாற்றுக் கட்டுரை கொடுங்க சார்" என்று மலர்க் குழுவினர் கேட்டார்கள். மதுரையில் வரலாற்றுக்கா பஞ்சம்? ஆனால் நாயக்கர் மகாலைப் பற்றியும், நான்மாடக்கூடலைப் பற்றியும் எழுத நம் சங்கத்தில் தகுதியான பெரியவர்கள் பலர் இருக்கிறார்கள். நான் எடுத்துக்கொண்டது கொஞ்சம் விடலைத்தனமான விஷயம். விடுதியில் இருந்த நாளில் செகண்ட் ஷோ பார்த்துவிட்டு, ஒருத்தர் கையை ஒருத்தர் பிடித்துக்கொண்டு கும்பலாகத் திரும்பி வருவோமே, அந்த டிராகுலா படங்களின் கதை. சிரிக்க வேண்டாம். இதுவும் வரலாறுதான். அதிலும் நம் வீட்டுப் பெண்களின் வரலாறு. முடிக்கும்போது நீங்களே ஒத்துக்கொள்வீர்கள்.

முதலில் ஒரு கேள்வி. அன்றைக்கு நம்மில் பாதிப் பேருக்கு ஆங்கிலப் பட வசனம் பிடிபடாது. டிரான்சில்வேனியா எந்தத் திசை என்று தெரியாது. பனி பெய்து பார்த்ததில்லை. கல்லால் கட்டிய கோட்டை, சவப்பெட்டி, ஓநாய், எல்லாமே அந்நியம். பூண்டு என்றால் நமக்கு ரசத்தில் தட்டிப் போடுவது. பேயை விரட்டுவது அல்ல. இப்படி ஒன்றுமே ஒட்டாத ஒரு கதை, மேலூரிலிருந்தும் உசிலம்பட்டியிலிருந்தும் வந்த பையன்களின் வயிற்றைக் கலக்கியது எப்படி? பேய்ப் படம் என்றால் எல்லோரும்தான் பயப்படுவார்கள் என்று தள்ளிவிட முடியாது. மற்ற ஆங்கிலப் பேய்ப் படங்களுக்கு நாம் விசில் அடித்தோம். டிராகுலாவுக்கு மட்டும் வாயை மூடிக்கொண்டோம்.

இதற்கு விடை தேட வேண்டுமானால் டிராகுலாவின் பூர்வீகத்துக்குப் போக வேண்டும்.

சர்க்கார் காகிதத்தில் ஏறிய பேய்

வருஷம் 1725. இடம், அப்போது ஆஸ்திரிய ஆட்சியில் இருந்த செர்பியா. கிசிலியேவோ என்ற கிராமத்தில் பீட்டர் ப்ளோகோயோவிட்ஸ் என்ற குடியானவர் இறந்துபோனார். அதன் பிறகு 8 நாளுக்குள் அந்த ஊரில் 9 பேர் செத்தார்கள். படுக்கையில் கிடந்தவர்கள், "அவன்தான் ராத்திரி வந்து என் மேல் படுத்துக் கழுத்தை நெரித்தான்" என்று சொல்லிவிட்டுச் செத்ததாக ஊரே பேசியது. அதிகாரியைக் கூட்டிவந்து, அவர் முன்னிலையிலேயே புதைகுழியைத் தோண்டினார்கள். உடம்பு அழுகவில்லை, வாயில் ரத்தம் இருந்தது. ஆப்பு அடித்து எரித்தார்கள். அதிகாரி நடந்ததை அப்படியே மேலிடத்துக்கு எழுதி அனுப்பினார். அந்த அறிக்கை வியன்னா பத்திரிகையிலும் வந்தது.

அடுத்து 1732. மெட்வெஜா என்ற இன்னொரு செர்பிய கிராமம். இந்த முறை விசாரிக்கப் போனவர்கள் ராணுவ டாக்டர்கள். ஃப்ளூக்கிங்கர் என்ற ராணுவ மருத்துவர் தலைமையில் குழிகளைத் தோண்டிப் பார்த்து, கையெழுத்துப் போட்டு அறிக்கை கொடுத்தார்கள். அது ஐரோப்பா முழுவதும் பரவியது. 'வாம்பயர்' என்ற சொல் ஆங்கிலப் பத்திரிகைகளில் ஏறியது அந்த வருஷம்தான்.

உடம்பு அழுகாததற்கும் வாயில் ரத்தம் வந்ததற்கும் இன்றைக்கு எந்த மருத்துவக் கல்லூரி மாணவரைக் கேட்டாலும் காரணம் சொல்வார். குளிர்காலத்து மண்ணில் பிணம் மெதுவாகத்தான் கெடும். உள்ளே வாயு சேர்ந்து உடம்பு உப்பும்போது, சிவந்த நீர் வாய் வழியாக வெளியேறும். பார்க்கிறவனுக்கு அது ரத்தம் குடித்துக் கொழுத்த உடம்பு. ஆஸ்திரிய ராணி மரியா தெரசா தன் மருத்துவர் வான் ஸ்வீட்டனைக் கொண்டு இதை ஆராயச் சொன்னார். 1755-ல் குழி தோண்டுவதையும் பிணத்தை எரிப்பதையும் தடை செய்தார்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். இந்தக் கதைகளில் எதிலும் முதலில் வருவது பேய் அல்ல. முதலில் வருவது நோய். ஒரு வீட்டில் ஒருத்தர் வெளிறி, மெலிந்து, படுத்த படுக்கையாகிறார். அடுத்து அவரைப் பார்த்துக்கொண்டவர் படுக்கிறார். வைத்தியருக்குக் காரணம் தெரியவில்லை. அதற்குப் பிறகுதான் ஊர் மயானத்தைப் பார்க்கிறது. 1892-ல் அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் எக்ஸிடர் என்ற ஊரிலும் இதே கதை. காசநோயில் தாயும் மூத்த மகளும் போன வீடு. பிறகு 19 வயது மெர்சி பிரவுன் என்ற பெண்ணும் போனாள். அவள் அண்ணனும் படுத்துவிட்டான். ஊரார் அவளைத் தோண்டியெடுத்து, இதயத்தை எரித்து, சாம்பலைத் தண்ணீரில் கரைத்து அண்ணனுக்குக் குடிக்கக் கொடுத்தார்கள். இரண்டே மாதத்தில் அவனும் இறந்தான். காசநோய்க் கிருமியை ராபர்ட் காக் கண்டுபிடித்து அப்போது 10 வருஷம் ஆகியிருந்தது! விஞ்ஞானம் பெர்லினிலிருந்து எக்ஸிடர் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான். அதைக் கேட்டு ஏளனம் செய்ய நமக்கு யோக்கியதை இல்லை என்பதைப் பிறகு சொல்கிறேன்.

குடியானவன் பிரபு ஆன கதை

கிராமத்துப் பிணத்துக்குக் கோட்டும் சூட்டும் மாட்டிவிட்டவர்கள் எழுத்தாளர்கள். 1819-ல் போலிடோரி எழுதிய கதையில் வாம்பயர் ஒரு லண்டன் பிரபு. 1872-ல் ஷெரிடன் லெ ஃபானு எழுதிய 'கார்மில்லா'வில் அது ஒரு அழகான பெண். 1897-ல் பிராம் ஸ்டோக்கர் 'டிராகுலா' நாவலை எழுதினார். அதற்குப் பிறகு மற்றவர்கள் பெயரெல்லாம் மங்கிவிட்டது.

நாவலைப் படித்தவர்களுக்குத் தெரியும். டிராகுலா நேரில் வரும் பக்கங்கள் குறைவு. கதையின் உயிர்நாடி லூசி என்ற பெண்ணின் படுக்கை அறை. நாளுக்கு நாள் அவள் வெளுத்துப் போகிறாள். ரத்தம் எங்கே போகிறது என்று தெரியவில்லை. காதலனில் தொடங்கி நான்கு ஆண்கள் மாறி மாறித் தங்கள் ரத்தத்தைக் கொடுக்கிறார்கள். அப்படியும் பிழைக்கவில்லை. ரத்தத்தில் பிரிவுகள் உண்டு என்று லாண்ட்ஸ்டைனர் உலகுக்குச் சொன்னது 1901-ல். அதற்கு 4 வருஷம் முன்பே வந்த நாவலில், பிரிவு எதுவும் பார்க்காமல் நான்கு பேர் ரத்தத்தை ஏற்றுகிறார்கள். உண்மையில் அப்படி நடந்திருந்தால் டிராகுலா வராமலே அந்தப் பெண் போயிருக்கலாம்!

வெள்ளித்திரையில்

1922-ல் ஜெர்மானிய இயக்குநர் முர்னாவ் 'நாஸ்ஃபெராட்டு' என்ற மௌனப் படத்தை எடுத்தார். ஸ்டோக்கர் குடும்பத்தாரிடம் உரிமை வாங்கவில்லை. பெயர்களை மட்டும் மாற்றினார். டிராகுலா, ஓர்லாக் ஆனான். ஸ்டோக்கரின் மனைவி விடுவாரா? வழக்குப் போட்டு ஜெயித்தார். 1925-ல் எல்லாப் பிரதிகளையும் அழிக்க உத்தரவு வந்தது. அதற்குள் சில பிரதிகள் வெளியே போய்விட்டன. கோர்ட்டே கொல்லச் சொல்லியும் சாகாத படம் என்று இதைச் சொல்லலாம்.

விடியலின் வெளிச்சம் பட்டதும் வாம்பயர் கரைந்து போகும் என்பது இந்தப் படத்தில் வந்ததுதான். நாவலில் டிராகுலா பகலிலும் நடமாடுவான். சக்தி மட்டும் குறையும். 'வெயில் பட்டால் சாவான்' என்பதை ஆதிகால ஐதீகம் என்று நாமெல்லாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது சினிமா பெற்ற பிள்ளை.

1931-ல் அமெரிக்காவில் டாட் பிரவுனிங் எடுத்த பேசும் படம் வந்தது. டிராகுலாவாக பெலா லுகோசி. ஹங்கேரிக்காரர். இழுத்து இழுத்துப் பேசும் அவரது ஆங்கிலமே பயமுறுத்தியது. கோரைப்பல்லைக் காட்டவே இல்லை. பார்வை ஒன்றே போதுமானதாக இருந்தது. 1956-ல் அவர் இறந்தபோது டிராகுலாவின் அங்கியோடுதான் அடக்கம் செய்தார்கள்.

பிறகு 1958. இங்கிலாந்தின் ஹாமர் கம்பெனி எடுத்த படம். டெரன்ஸ் ஃபிஷர் இயக்கம். டிராகுலாவாகக் கிறிஸ்டோபர் லீ, வான் ஹெல்சிங்காகப் பீட்டர் குஷிங். கலரில் வந்ததால் ரத்தம் சிவப்பாகவே தெரிந்தது. லீயின் கோரைப்பல்லும் ரத்தம் ஏறிய கண்ணும் இன்றைக்கும் பலர் மனதில் நிற்கும்.

ஆங்கிலம் தெரியாத ரசிகனுக்கு இந்தப் படம் ஏன் புரிந்தது என்பதற்கு ஒரு காரணம் இதிலேயே இருக்கிறது. லீ ஆரம்பத்தில் விருந்தாளியிடம் நாலு வார்த்தை மரியாதையாகப் பேசுவார். அதற்குப் பிறகு படம் முடியும்வரை வாயே திறக்க மாட்டார். 1966-ல் வந்த அடுத்த டிராகுலா படத்தில் அவருக்கு ஒரு வசனம்கூடக் கிடையாது. ஆங்கிலம் தெரிந்தவனுக்கும் தெரியாதவனுக்கும் அங்கே ஒரே கட்டணம், ஒரே அனுபவம்!

ஆனால் அதைவிட முக்கியமான காட்சி ஒன்று உண்டு. லூசி படுக்கையில் கிடக்கிறாள். ரத்தசோகை என்கிறார் வைத்தியர். அறையில் பூண்டுப் பூ வைத்து, சன்னலைச் சாத்தி, "யாரும் எடுக்கக் கூடாது" என்று வான் ஹெல்சிங் சொல்லிவிட்டுப் போகிறார். மூச்சு முட்டுகிறது என்று லூசி கெஞ்ச, வேலைக்காரப் பெண் இரக்கப்பட்டுப் பூவை எடுத்துவிட்டுச் சன்னலைத் திறந்து விடுகிறாள். காலையில் லூசி இல்லை.

இந்தக் காட்சியில் அரங்கம் முழுக்க 'உச்' கொட்டியது எனக்கு நினைவிருக்கிறது. பக்கத்து சீட்டில் இருந்த உசிலம்பட்டி நண்பன் என் தோளைத் தட்டி, "டேய் மாப்ள, இது நம்ம ஊரு காட்டேரிதான்டா. வேப்பிலையைப் பிடுங்கிட்டாளேடா பாவி" என்றான். திரையில் இருந்தது வேப்பிலை அல்ல. ஆனால் அவன் சொன்னதில் தப்பில்லை.

சினிமா ஊரில் காட்டேரி

மதுரை சினிமாவால் வளர்ந்த ஊர், சினிமாவை வளர்த்த ஊர். 1937-ல் வந்த பாகவதரின் 'சிந்தாமணி' படத்தை எடுத்தவர்கள் மதுரைக்காரர்கள். அந்தப் படத்தில் வந்த லாபத்தில் கட்டியதுதான் சிந்தாமணி தியேட்டர். 1952 தீபாவளிக்குப் 'பராசக்தி' படத்தோடு திறந்த தங்கம் தியேட்டரில் 2,500-க்கும் மேல் இருக்கைகள். ஆசியாவிலேயே பெரியது என்று மார்தட்டினோம். இரண்டுமே இன்றைக்குத் தியேட்டராக இல்லை. ஆங்கிலப் படம் என்றால் ரயில்வே ஸ்டேஷனுக்குப் பக்கத்தில், விக்டோரியா எட்வர்டு மன்றத்துக் கட்டடத்தில் இருந்த ரீகல். ஒரே கட்டடத்தில் நூலகமும் சினிமாவும். அங்கே படிக்கப் போனதாக வீட்டில் சொன்னவர்கள் பலர். எதைப் படித்தார்கள் என்பது அவரவர் மனசாட்சிக்குத் தெரியும்.

இந்த ஊர் டிராகுலாவுக்கு வைத்த பெயர்தான் 'ரத்தக் காட்டேரி'. இது மொழிபெயர்ப்பு அல்ல. அடையாளம் கண்டுகொண்டது. காட்டேரி என்பது டிராகுலாவுக்கு வெகுகாலம் முன்பே நம் கிராமங்களில் இருந்த பெயர். அது யாரைப் பிடிக்கும் என்று அப்பத்தாக்களைக் கேட்டால் தயங்காமல் சொல்வார்கள்: வயிற்றுப் பிள்ளைக்காரியை, பச்சை உடம்புக்காரியை, பிறந்த சிசுவை. "காட்டேரி ரத்தத்தை உறிஞ்சிருச்சு" என்றால் அந்த வீட்டில் பிரசவத்தில் ஒரு பெண் போய்விட்டாள் என்று அர்த்தம்.

அதற்காகத்தான் அத்தனை கட்டுப்பாடுகள். உச்சிவேளையில் வெளியே போகாதே. புளியமரத்தடியில் நிற்காதே. தலைமாட்டில் இரும்புத் துண்டு வை. பிள்ளை பெற்ற வீட்டு வாசலில் வேப்பிலை செருகு. ராத்திரியில் யாராவது பேர் சொல்லிக் கூப்பிட்டால் உடனே குரல் கொடுக்காதே. 'அழைக்காமல் வாம்பயர் உள்ளே வராது' என்று ஸ்டோக்கர் எழுதியதை நாம் இங்கிருந்தே கேட்டுப் பழகியிருந்தோம்.

இந்த நம்பிக்கைக்கு அடியில் இருந்தது ரத்தசோகை. அதற்கு மேல் பிரசவத்தில் நிற்காத உதிரப்போக்கு. மருத்துவச்சி கைவைத்தியத்துக்கு அடங்காமல், வண்டி கட்டி டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரும் முன், கண்ணெதிரே ஒரு பெண் வெள்ளைத் துணிபோல வெளுத்துச் சாவதைப் பார்த்தவர்கள் அதற்கு என்ன பெயர் வைப்பார்கள்? ரத்தம் போய்விட்டது. யாரோ குடித்திருக்கிறார்கள். செர்பியாக்காரன் சொன்னதும் இதுதான். எக்ஸிடர்காரன் சொன்னதும் இதுதான். யோக்கியதை இல்லை என்று மேலே சொன்னேனே, இதற்காகத்தான்.

அப்படிச் செத்துப்போன பெண்களுக்கு நம் பக்கத்தில் நினைவுச்சின்னம் உண்டு. பழைய சாலைகளின் ஓரத்தில் நட்டுவைத்த இரண்டு கல்லும், குறுக்கே படுக்கவைத்த ஒரு கல்லுமாக நிற்கும் சுமைதாங்கிதான் அது. வயிற்றுச் சுமையை இறக்காமலே போனவள். வழிப்போக்கர் தலைச்சுமையை இறக்கி ஆறும்போது அவள் ஆத்மாவும் ஆறும் என்று நட்ட கல். சிலவற்றில் பெயரும் வெட்டியிருப்பார்கள். ஒரே சாவுக்கு ஊர் இரண்டு காரியம் செய்தது: பயத்துக்குக் காட்டேரி என்று பெயர் வைத்தது, துக்கத்துக்குக் கல் நட்டது.

கடல் கடந்தும் இது போயிருக்கிறது. கரும்புத் தோட்டத்துக்குக் கூலியாகப் போன தமிழர்கள் கயானாவுக்குக் கொண்டுபோன தெய்வங்களில் காட்டேரியும் ஒருத்தி. அங்கே அவளைத் தாயாக வணங்குகிறார்கள். மலேயா பக்கத்திலும் இதற்கு உடன்பிறப்பு உண்டு. பிரசவத்தில் இறந்த பெண் 'பொந்தியானா' என்ற ரத்தம் குடிக்கும் பேயாக வருவாள் என்பது மலாய்க்காரர் நம்பிக்கை. 1957-ல், ஹாமர் டிராகுலாவுக்கு ஒரு வருஷம் முன்பே, சிங்கப்பூரில் அதைப் படமாக எடுத்து ஓகோவென்று ஓட்டினார்கள். இயக்கியவர் இந்தியாவிலிருந்து போன பி.என்.ராவ்.

வேதாளம் ஏறிய முருங்கை

நம் இலக்கியத்தில் ரத்தத்துக்குப் பஞ்சமே இல்லை. முதல் குலோத்துங்கன் காலத்துக் கலிங்கப் போரைப் பாடிய ஜெயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணியில், பசியில் வாடும் பேய்கள் காளியிடம் முறையிடுகின்றன. போர் முடிந்ததும் களத்துக்குப் போய், பிணத்தைக் கொண்டு கூழ் சமைத்துக் குடிக்கின்றன. பயம் வருவதற்குப் பதில் படிக்கிறவனுக்குச் சிரிப்பு வரும்.

வேதாளம் நமக்கு இன்னும் நெருக்கம். 11-ஆம் நூற்றாண்டில் காஷ்மீரத்து சோமதேவர் தொகுத்த கதைக்கடலில் இருப்பது. பிணத்துக்குள் புகுந்து பேசுவது. அதை 1870-ல் ஆங்கிலத்தில் கொண்டுபோன ரிச்சர்ட் பர்ட்டன், தன் புத்தகத்துக்கு 'விக்கிரமனும் வாம்பயரும்' என்ற பொருளில் பெயர் வைத்தார். ஸ்டோக்கருக்கு 27 வருஷம் முன்பே வேதாளத்தை வாம்பயர் ஆக்கிவிட்டார்கள்! ஆனால் நம் வேதாளம் ரத்தம் கேட்கவில்லை. கேள்வி கேட்டது. விடை தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை வெடிக்கும் என்றது. 'அம்புலிமாமா'வில் ஓவியர் சங்கர் வரைந்த படம் யாருக்கு மறக்கும்? தோளில் பிணம், கையில் வாள், நடக்கும் ராஜா. வேதாளம் மறுபடி முருங்கை மரம் ஏறுவது பழமொழியாகவே ஆகிவிட்டது.

பழையனூர் நீலி கதையும் அப்படியே. புருஷன் கையால் கொலையுண்டவள், அடுத்த பிறவியில் அவனைத் தேடி வருகிறாள். அவன் கையில் மந்திர வாள் இருப்பதால் நெருங்க முடியவில்லை. ஊர்ச் சபையில் அழுது புரண்டு, அந்த வாளை வாங்கி வைக்கச் செய்கிறாள். "இவன் உயிருக்கு நாங்கள் பிணை" என்று வாக்குக் கொடுத்த 70 வேளாளரும், மறுநாள் அவன் செத்துக் கிடப்பதைக் கண்டு, சொன்ன சொல் தவறாமல் தீயில் இறங்குகிறார்கள். வேலைக்காரப் பெண் எடுத்த பூண்டுப் பூவும், ஊரார் வாங்கி வைத்த மந்திர வாளும் ஒரே மாதிரி காவல்தான். நல்ல மனசுதான் கதவைத் திறந்து விடுகிறது.

ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. நீலிக்கு ஒரு நியாயம் இருக்கிறது. டிராகுலாவுக்கு அது கிடையாது. அவனுக்குப் பசி மட்டும்தான். நம் பேய்க்கு உடம்பு இல்லை. இன்னொருத்தர் உடம்பைப் பிடித்துத் தன் வழக்கைச் சொல்ல வருகிறது. டிராகுலாவுக்கு உடம்பு இருக்கிறது. அதை ஓட்ட இன்னொருத்தர் ரத்தம் வேண்டும்.

தமிழில் ஒரு நல்ல டிராகுலா வேரூன்றாமல் போனது இதனால்தான் என்று நினைக்கிறேன். 1967-ல் லாகூரில் எடுத்த 'ஜிந்தா லாஷ்' படத்தில் ஒரு விஞ்ஞானி மருந்து குடித்து வாம்பயர் ஆகிறான். 1990-ல் ராம்சே சகோதரர்கள் இந்தியில் 'பந்த் தர்வாசா' எடுத்தார்கள். நம் ஆட்கள் அந்த வழியில் பெரிதாகப் போகவில்லை. 1978-ல் ரஜினி நடித்த 'ஆயிரம் ஜென்மங்கள்', அதே வருஷம் விட்டலாச்சாரியாவின் 'ஜகன்மோகினி' என்று ஆவி வழியிலேயே போனார்கள். காலை அடுப்புக்குள் விட்டு விறகாக எரித்துச் சமைக்கும் அந்த மோகினியைப் பார்த்து அலறியதும் சிரித்ததும் ஒரே கூட்டம்தான். 2007-ல் 'முனி', 2011-ல் 'காஞ்சனா' என்று வந்தவையும் கொலையுண்டவர் நியாயம் கேட்கும் கதைகளே. தமிழ்ப் பேய் எப்போதும் வாதி. டிராகுலா என்றைக்கும் பிரதிவாதி.

ஏன் இன்னும் சாகவில்லை?

வாம்பயர் படம் நூறு வருஷம் கழித்தும் ஓடுவதற்கு அறிஞர்கள் பல காரணம் சொல்கிறார்கள். காமம் என்பார்கள், பிரபுக்கள் மேல் இருந்த வெறுப்பு என்பார்கள், சாகாவரத்து ஆசை என்பார்கள். எல்லாம் இருக்கட்டும். மதுரையில் உட்கார்ந்து பார்த்தவனுக்குத் தோன்றுவது வேறு. அந்தப் படங்களில் கோட்டையும் வௌவாலும் மாறிக்கொண்டே இருக்கும். மாறாத ஒன்று ஒரு கட்டில். அதில் வெளுத்துக் கிடக்கும் ஒரு பெண். சுற்றி நின்று, என்ன செய்வதென்று தெரியாமல் கையைப் பிசையும் வீட்டார். அந்தக் கட்டிலைப் பார்க்காத வீடு அன்றைக்கு எந்த நாட்டிலும் குறைவு. சினிமா செய்த உபகாரம், அந்தச் சாவுக்கு ஒரு முகத்தைக் கொடுத்து, ஒன்றரை மணி நேரம் கழித்து அந்த முகத்தை வெளிச்சத்தில் நிறுத்தி எரித்துக் காட்டியது. 1958 படத்தின் முடிவில் வான் ஹெல்சிங் திரைச்சீலையைக் கிழிக்க, வெயில் உள்ளே பாய, டிராகுலா சாம்பலாகும்போது நாம் தட்டிய கைத்தட்டல் குஷிங்குக்கு மட்டும் தட்டியது அல்ல.

நிஜ வாழ்வில் காட்டேரியை எரித்தது எது? இரும்புச்சத்து மாத்திரை, கிராமத்துச் செவிலியர், ஆரம்ப சுகாதார நிலையம், ஆம்புலன்ஸ், ரத்த வங்கி. தமிழ்நாட்டில் 2018-20 கணக்குப்படி, உயிருடன் பிறக்கும் 1 லட்சம் குழந்தைகளுக்குப் பிரசவத்தை ஒட்டி இறக்கும் தாய்மார் 54 பேர். அகில இந்தியக் கணக்கு 97. பெருமைப்படலாம், ஆனால் 54 என்பது பூஜ்யம் அல்ல. அந்த 54-லும் உதிரப்போக்கு இன்னும் ஒரு பெரிய காரணம். ஒவ்வொரு சாவுக்குப் பின்னாலும் ஒரு கட்டில், ஒரு வீடு.

நம் கல்லூரி ரத்த தான முகாமில் முதல் தடவை ஊசியைப் பார்த்து மயங்கி விழுந்தவர்கள் இந்த மலரைப் படித்துக்கொண்டிருப்பார்கள். பெயர் சொல்ல மாட்டேன். ஸ்டோக்கரின் நாவலில் நான்கு பேர் கொடுத்த ரத்தம் லூசியைக் காப்பாற்றவில்லை. நீங்கள் கொடுத்த ஒரு பாட்டில், பிரிவு பார்த்து ஏற்றியதால், எங்கோ ஒரு பச்சை உடம்புக்காரியைக் காப்பாற்றியிருக்கும். அவள் யாரென்று உங்களுக்குத் தெரியாது, நீங்கள் யாரென்று அவளுக்கும் தெரியாது. வயது இன்னும் இடம் கொடுக்கிற தம்பிமார்களும் தங்கைமார்களும் இதை விடாமல் செய்ய வேண்டும். வயது தாண்டிய நாம் பிள்ளைகளை அனுப்பி வைக்கலாம்.

இன்னொரு விண்ணப்பம். சாலையை அகலப்படுத்தும்போதெல்லாம் சுமைதாங்கிக் கற்கள் காணாமல் போகின்றன. தலைச்சுமையோடு நடப்பவர்கள் குறைந்துவிட்டதால் அவை எதற்கு நின்றன என்பதும் மறந்துவிட்டது. உங்கள் ஊர்ப் பக்கம் ஒன்று மிச்சம் இருந்தால், அதில் பெயர் வெட்டியிருக்கிறதா என்று பாருங்கள். ஒரு போட்டோ எடுத்து, ஊரும் சாலையும் குறித்து, சங்கத்துக்கு அனுப்புங்கள். டிராகுலாவின் கோட்டைக்கு உல்லாசப் பயணம் போகிறார்கள். அவன் குடித்ததாகச் சொன்ன ரத்தம் யாருடையது என்பதற்கு நம்மிடம் இருக்கும் சாட்சி அந்தக் கற்கள்தான்.